கூரை ஒழுகும்போது மனம் ஆறாது

2017 செப்டம்பர் 20ஆம் தேதி மரியா சூறாவளி புவெர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. கரிபியன் கடலில், அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு அது. புயலால் இறந்தவர்கள் 64 பேர் என்று அங்குள்ள அரசாங்கம் பல மாதங்கள் சொல்லி வந்தது. பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். புயலுக்குப் பின் வந்த மாதங்களில், வழக்கமாக இறப்பவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்தார்கள். விடை 2,975. 2018 ஆகஸ்டில் அரசாங்கமும் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது.

64 எங்கே, 2,975 எங்கே! இந்த இடைவெளியில் இருப்பவர்களில் பலரைக் காற்று நேரடியாகக் கொல்லவில்லை. காற்று ஓய்ந்தபின் வந்த நாள்கள் கொன்றன. தீவின் மின்கட்டமைப்பு நொறுங்கிப்போனது. அதை முழுமையாகச் சீர்செய்ய ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. மின்சாரம் இல்லாத வீட்டில் இன்சுலின் மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க முடியாது. ஆக்சிஜன் கருவி ஓடாது. சாலை துண்டிக்கப்பட்டால் சிறுநீரக நோயாளி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக முடியாது.

மாணவர்களே, பேரிடர் என்றதும் நாம் புயல் வீசும் ஓரிரு நாள்களையே நினைக்கிறோம். தொலைக்காட்சி காட்டுவதும் அந்த நாள்களைத்தான். நன்கொடை குவிவதும் அந்த வாரத்தில்தான். உயிர் பிழைத்தவர்களின் துன்பமோ அதன் பிறகுதான் நீள்கிறது. அவர்களுக்கு உதவ நினைக்கும் நாம் இரண்டு தவறுகள் செய்கிறோம் என்பது என் கருத்து. ஒன்று, சீக்கிரமே கையைக் கழுவிவிடுகிறோம். இன்னொன்று, "முதலில் சோறும் துணியும், மனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டையும் மனத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறோம்.

இவை ஏன் தவறு என்பதை அறிவியலே சொல்கிறது.

ஆபத்து வரும்போது நம் மூளை எச்சரிக்கை மணி அடிக்கிறது. அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தூக்கம் கலைந்துவிடுகிறது. ஆபத்து நீங்கியதும் அந்த மணி அடங்க வேண்டும். பெரும்பாலோருக்கு நாளடைவில் அடங்கியும் விடுகிறது. ஆனால், கூரை பறந்துபோய், நீலத் தார்ப்பாயை மட்டும் மேலே கட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு ஆபத்து எப்போது நீங்கும்? ஒவ்வொரு மழைக்கும் அந்த மணி மறுபடியும் அடிக்கும்.

ஸ்டீவன் ஹாப்ஃபால் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். நமக்கு வேண்டிய வளங்களை இழக்கும்போதும், இழந்துவிடுவோமோ என்று அஞ்சும்போதும்தான் மன அழுத்தம் பிறக்கிறது என்கிறார். வீடு, வேலை, உடல்நலம், நட்பு, நம்பிக்கை எல்லாமே வளங்கள்தாம். ஒன்று போனால் அதைத் தொடர்ந்து இன்னொன்றும் போகும். வீடு போனால் ஊர் மாற வேண்டும். ஊர் மாறினால் பள்ளி மாறும். பள்ளி மாறினால் நண்பர்களும் போய்விடுவார்கள்.

இது வெறும் கோட்பாடு அன்று. 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காக்கக் கட்டப்பட்ட வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. அதற்கு முன்பே, அந்நகரில் கல்லூரியில் படித்துவந்த, வருமானம் குறைந்த இளம் பெற்றோர் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஆய்வாளர்கள் பேட்டி கண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். உதவித்தொகை கொடுத்தால் அவர்கள் படிப்பைத் தொடர்வார்களா என்று பார்ப்பதுதான் அப்போது நோக்கம். புயலுக்குப் பிறகு, பல ஊர்களுக்குச் சிதறிப்போன அதே மக்களை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். புயலுக்கு முன் ஒருவர் எப்படி இருந்தார், பின் எப்படி இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு இப்படித்தான் கிடைத்தது.

முதல் சுற்றுப் பேட்டியில், ஏறத்தாழ பாதிப் பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோயின் அறிகுறிகள் தெரிந்தன. 12 ஆண்டுகள் கழித்தும் ஆறில் ஒருவரிடம் அவை நீங்கவில்லை. அவர்களுள் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களைவிட, நிலையான வீடின்றி அலைந்தவர்களின் மனநிலை மோசமாக இருந்தது. வளர்ப்புப் பிராணியை இழந்ததும் மனவேதனையைக் கூட்டியது என்று அதே ஆய்வு காட்டியது. நாயையோ பூனையையோ விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. 2006இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. மக்களை வெளியேற்றும் திட்டத்தில் அவர்களுடைய வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

உங்கள் வயதுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மரியா சூறாவளிக்குச் சில மாதங்கள் கழித்து, புவெர்ட்டோ ரிக்கோவில் 96,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடந்தது. பாதிக்கும் மேற்பட்டோர், நண்பரோ உறவினரோ தீவை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 7.2 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பேரதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகள் குடும்பத்தையும் ஊரையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால், 96,000 பேரில் 7.2 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 7,000 பிள்ளைகள். ஒரு பள்ளிக்கு ஆயிரம் பேர் என்று வைத்தால் ஏழு பள்ளிகள்!

அப்படியானால் எப்படி உதவுவது?

முதலில், நம் வீட்டில் மிஞ்சியதை அனுப்பாமல், அவர்களுக்கு வேண்டியதைக் கொடுப்போம். 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராஸ் நாட்டைச் சீரழித்தபோது, யாரும் கேட்காத பழைய துணி மூட்டைகள் விமான ஓடுபாதையை அடைத்துக் கிடந்தன. அதனால் நிவாரணப் பொருள் ஏற்றி வந்த விமானம் தரையிறங்க முடியவில்லை என்று அப்போது பணியில் இருந்த ஓர் அமெரிக்க அதிகாரி பின்னாளில் கூறினார். நம்பகமான அமைப்புக்குப் பணமாகக் கொடுப்பதே நல்லது. "பணத்தை வீணாக்கிவிட்டால்?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு குடும்பத்துக்குத் தேவை கூரைத் தகடா, மருந்தா, பள்ளிச் சீருடையா என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். தானே முடிவெடுக்கும் உரிமை கையில் இருப்பதும் மனத்துக்கு மருந்துதான்.

இரண்டாவது, படிவம் நிரப்ப உதவுவதையும் மனநல உதவியாகக் கருதுவோம். புவெர்ட்டோ ரிக்கோவில் தாத்தா கட்டிய வீட்டில் பேரன் வசிப்பான். அவன் பெயரில் பத்திரம் இருக்காது. "வீடு உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று எங்கே?" என்று கேட்டு, பல ஆயிரம் பேரின் விண்ணப்பத்தை அமெரிக்கப் பேரிடர் நிர்வாகம் நிராகரித்தது. 2021இல்தான் அந்த விதி தளர்ந்தது. அப்படி நிராகரிக்கப்பட்டவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லி என்ன பயன்? அருகில் உட்கார்ந்து மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பவரே அவருக்கு ஆறுதல் தருபவர்.

மூன்றாவது, பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நடந்ததையெல்லாம் உடனே கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று முன்பு நம்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அது 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: கவனித்துப் பார், காது கொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம்; பொறுமை வேண்டும். தூக்கமின்மையும் அச்சமும் வாரக்கணக்கில் நீடித்தால், அப்போது மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நம் வட்டாரத்தில் சூறாவளி மிக அரிது. ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரை கடந்தது. 2021 டிசம்பரில் ஒரு வெப்பமண்டலத் தாழ்வு கொண்டுவந்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் உணவுப் பொட்டலங்களுக்குக் குறைவில்லை. சில மாதங்கள் கழித்து, மழை இருட்டும்போது வகுப்பில் ஒரு தோழன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தானா என்று நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

அடுத்த முறை உங்கள் பள்ளி வெள்ள நிவாரண நிதி திரட்டினால், ஆசிரியரிடம் ஒரு யோசனை சொல்லுங்கள். திரட்டியதில் பாதியை இப்போது கொடுப்போம். மீதியை மூன்று மாதம் கழித்து, "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம்.