'வடக்கன்' என்ற சொல்லும் ஒரு வால்பாறை நாவலும்: திருப்பூரின் அடுத்த கதையை யார் எழுதுவார்?

2024-ல் 'ரயில்' என்றொரு தமிழ்ப் படம் வந்தது. எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய அந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வடக்கன்'. சென்சார் ஆட்சேபித்ததால் பெயர் மாறியது. போஸ்டரில் மாற்றியாச்சு. ஆனால் திருப்பூர் டீக்கடைகளில் அந்தச் சொல் இன்னும் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் ₹40,000 கோடி. அந்தத் துணியைத் தைத்து, செக்கிங் முடித்து, பேக்கிங் செய்கிற கைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்களின் கைகள் ஏராளம். பல குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. அப்படியானால் அவர்கள் இன்னும் 'வந்தவங்க'தானா? இந்தக் கேள்விக்குப் பக்கத்து மலையிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது.

மலையேறிய தமிழர்கள்

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், உடுமலைக்கு அப்பால் இருக்கிறது அமராவதி நகர். அணைக்கும் சைனிக் பள்ளிக்கும் பெயர்பெற்ற ஊர். வடக்கே திரும்பினால் திருப்பூர் வரை சமவெளி. தெற்கே ஆனைமலைத் தொடர். அதே தொடரில், மேற்கே தள்ளி இருக்கிறது வால்பாறை.

1920-களில் அந்தத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து ஏழைகளை மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார்கள். வாங்கிய முன்பணம் தீராத கடனானது. போனவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை. அந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் இதை 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார். கருப்பன், வள்ளி என்ற தம்பதியின் கதை அது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: நாவல் ஆங்கிலத்தில் வந்தது 1969-ல். இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது 2007-ல். அதைத் தழுவி பாலா எடுத்த 'பரதேசி' 2013-ல் வெளியானது. அந்தத் தொழிலாளர்களின் கதை அவர்களுடைய மொழிக்கு வந்து சேரவே 38 வருஷம் ஆகியிருக்கிறது. அதையும் எழுதியது ஒரு மருத்துவர்தான், தேயிலை பறித்தவர் அல்ல.

'கலப்பு அடையாளம்'னா என்ன?

காலனி ஆட்சி கலைத்துப்போட்ட மனிதர்களைப் பேசும் எழுத்தைப் பின்காலனிய இலக்கியம் என்கிறார்கள். அதன் மையக் கவலை இதுதான்: இடம்பெயர்ந்தவர் பழைய ஊருக்கும் முழுசாகச் சொந்தமில்லை, புது ஊருக்கும் முழுசாகச் சொந்தமில்லை. இரண்டும் உரசிப் புதிதாக ஒன்று உருவாகும் இடத்தை ஹோமி பாபா 'மூன்றாவது வெளி' என்றார்.

இதற்கு உதாரணம் மலேசியத் தமிழரான கே.எஸ்.மணியம் 1981-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவல். அதில் சலவைத் தொழிலாளியின் மகன் ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். படிப்பு அவனுக்கு ஒரு கதவைத் திறக்கிறது. வீட்டிலிருந்து கொஞ்சம் தூரமாக்கியும் விடுகிறது. வந்த ஊரில் வளர்ந்த பிள்ளை, பள்ளியில் கற்ற மொழியில் தன் வீட்டைப் பற்றி எழுதினால் கிடைப்பது இப்படிப்பட்ட கதை.

ரெண்டையும் ஒப்பிடலாமா?

அப்படியே ஒப்பிட முடியாது. திருப்பூருக்கு வருபவர் இந்நாட்டுக் குடிமகன். கையில் போன் இருக்கிறது. சம்பளம் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாம், ரயில் ஏறி ஊருக்கும் போகலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது.

ஆனாலும் அந்நியராகவே இருப்பதன் பயம் இன்னும் போகவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பொய் என்று போலீஸ் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அந்தக் குழு திருப்பூருக்கும் வந்தது. பொய் அவ்வளவு சுலபமாக எடுபட்டதற்குக் காரணம், பக்கத்து வீட்டில் இருந்தும் ஒருவரையொருவர் தெரியாமல் இருந்ததுதான்.

அப்போ யார் எழுதுவார்?

திருப்பூரைத் தமிழ் நாவல் மறந்துவிடவில்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை', எம்.கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' இரண்டும் இந்த ஊரைச் சொன்னவை. இரண்டையும் எழுதியவர்கள் தமிழர்கள். வந்தவர் வீட்டுக்குள்ளிருந்து கதை சொல்ல, அந்த வீட்டுப் பிள்ளைதான் வர வேண்டும்.

அதற்கான வழி பள்ளிக்கூடம். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழகப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 2025-ல் 'தமிழ் மொழி கற்போம்' திட்டமும் வந்தது. வீட்டில் போஜ்புரியோ ஒடியாவோ பேசும் ஒரு சிறுமி வகுப்பில் 'அ' எழுதுவதை வெறும் மொழிப்பாடமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இடையிலேயே வேறு ஊருக்குப் போகாமல், பள்ளியை விட்டு நிற்காமல் அவள் படித்து முடித்தால், தன் அம்மா அப்பாவின் கதையைத் தமிழிலேயே எழுதலாம். கருப்பன், வள்ளி மாதிரி 38 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கதையில் நாமும் வருவோம். எப்படி வருவோம் என்பது, இன்று அவளை டீக்கடையில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது.