அரைச் சாண் கயிறு

அமெரிக்காவில் வில்லேந்தி மான் வேட்டைக்குச் செல்வோரிடம் இன்று பெரும்பாலும் இருப்பது கூட்டுவில்; மிசௌரி மாநிலத்து ஆலன் என்பார் 1969இல் காப்புரிமை பெற்ற, கப்பிகள் பூட்டிய வில். அதற்குப் பணத்தை வாரி இறைப்போர், நாணின் நடுவே வளையமாக முடிந்திருக்கும் அரைச் சாண் கயிற்றை மட்டும் கண்டுகொள்வதில்லை. (விலை என்னவோ அற்பம்தான்!) இது பெருந்தவறு என்பது என் துணிபு.

எய்பவரின் விசைக்கருவி பற்றுவது நாணை அன்று, அந்த வளையத்தையே. அதனால் நாண் தேய்வதில்லை. அம்பும் நேர் பின்னிருந்து உந்தப்படுகிறது. முழுதும் இழுத்த நிலையில் வளையம் அறுந்தால் கை முகத்தில் மோதும். முடிச்சு சற்றே நழுவினாலோ அம்பு தடம் மாறும். மான் சாகாமல், காயத்தோடு காட்டுக்குள் ஓடும். அந்த வேதனைக்கு யார் பொறுப்பு, நண்பர்களே?

இதற்கென்றே விற்கும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள, இறுகப் பின்னிய செயற்கை இழைக் கயிறே வேண்டும். நுனிகளை நெருப்பில் உருக்கிக் குமிழாக்கிவிட்டால் முடிச்சு உருவிக்கொள்ளாது. 'இன்னும் ஒரு பருவம் தாங்கும்' என்போரை நான் ஏற்கமாட்டேன். கொக்கி உராயும் இடத்தில் பிசிறு தட்டியதுமே அதை வெட்டியெறிய வேண்டும். புதியதை நன்கு இழுத்து இறுக்கி, இலக்குப் பலகையில் சில அம்புகள் எய்து பார்த்த பின்னரே காட்டுக்குள் கால் வைக்கலாம்.