முன் சீட்டு: செப்பனிடுவதும் ஒப்பேற்றுவதும்

காரின் முன் சீட்டு நகரமாட்டேன் என்கிறது, அல்லது ஆடுகிறது, அல்லது சாய்வு நிற்கவில்லை. இதை வீட்டிலேயே சரிசெய்து கொள்ளலாமா? பனமலையில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் உண்டு. நான் மெக்கானிக் அல்ல. அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒரு ஸ்பானர் செட்டும், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கமும் இருப்பதால் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்று நமக்கு யாரும் தமிழில் சொல்லித் தருவதில்லை என்பதே என் குறை.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'பிரிகோலாஜ்' என்ற சொல் எங்களுக்குப் பழக்கம். கையில் கிடைத்ததைக் கொண்டு வீட்டு வேலையைத் தானே செய்து கொள்வதற்கு அந்தப் பெயர். 1962இல் லெவி-ஸ்ட்ரோஸ் என்ற மானிடவியல் அறிஞர் தம் நூலொன்றில் இந்தச் சொல்லை எடுத்துப் பெரிய தத்துவமே பேசினார். ஆனால் நம் தமிழ் இதில் இன்னும் கூர்மையானது. நாம் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். ஒன்று செப்பனிடுவது, மற்றது ஒப்பேற்றுவது. பொருளைப் பழைய பலத்துக்குக் கொண்டுவந்தால் செப்பனிட்டோம் என்று பொருள். இன்றைய பொழுதைத் தள்ளிவிட்டால் ஒப்பேற்றினோம் என்று பொருள். திண்ணைக் கட்டிலை ஒப்பேற்றலாம். அறுந்தால் அரை அடி கீழே விழுவோம். கார் சீட்டை ஒப்பேற்றக் கூடாது.

என் தலைமுறைக்கு இது உடனே விளங்காது. காரணம், நாங்கள் பார்த்த கார் சீட்டு ஒரு மரச்சாமான் போலத்தான் இருந்தது. அம்பாசிடர் காரில் முன்பக்கம் ஒரே நீளப் பலகை மாதிரி சீட்டு. கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். டிரைவரோடு மூன்று பேர், நெருக்கினால் நான்கு பேர் முன்னால் உட்காருவார்கள். உள்ளே ஸ்பிரிங், மேலே நார், அதற்கு மேல் ரெக்சின். கிழிந்தால் குஷன் கடைக்காரர் தைத்துக் கொடுப்பார். பிரெஞ்சுக்காரர்களின் 'தெ ஷெவோ', அதாவது 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் கார், இதையும் விட எளிமை. குழாய்ச் சட்டத்தில் ரப்பர் பட்டை கட்டி, அதில் துணி. சீட்டைக் கழற்றி வயல் ஓரத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. மூன்று முனை சீட் பெல்ட்டை நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1959இல் வால்வோ காரில் வந்தது. பிறகு ஏர்பேக் வந்தது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். இவையெல்லாம் நாம் சீட்டில் சரியான இடத்தில், சரியான நிமிர்வில் உட்கார்ந்திருப்போம் என்ற கணக்கில்தான் வேலை செய்கின்றன. இன்று முன் சீட்டு என்பது உட்காரும் பொருள் மட்டுமல்ல. உயிர் காக்கும் கருவியின் ஒரு பாகம்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். சீட்டுகளுக்கான ஐ.நா. விதி 17, சீட்டும் அது தரையில் பிடித்திருக்கும் இடமும் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேக இழப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. 20 கிலோ எடையுள்ள சீட்டு அந்த நொடியில் 400 கிலோ மூட்டையாக இழுக்கும். அதைத் தாங்குவது நாலு போல்ட்டும் இரண்டு ரெயிலும்தான்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றாமல் செய்யக்கூடிய வேலை நம்முடையது. கழற்ற வேண்டிய வேலை பயிற்சி பெற்றவருடையது.

நம்முடைய வேலையே நிறைய இருக்கிறது. சீட்டு நகராவிட்டால் பாதிக்கு மேல் காரணம் அழுக்கு. செருப்போடு வரும் மணல், உருண்டு போன காசு, பிள்ளைகள் போட்ட மல்லாட்டைத் தோல் எல்லாம் ரெயிலில் போய் அடைத்துக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்து, பிரஷ்ஷாலும் வேக்குவம் கிளீனராலும் எடுங்கள். பழைய இறுகிய கிரீஸைத் துணியால் துடைத்து, புது கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியை இழுத்துக்கொள்ளும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, லிவரை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் உடம்பால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்க ரெயிலிலும் 'டக்' என்று பல் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் காரை எடுக்காதீர்கள். மேட்டில் வண்டி ஏறும்போது டிரைவர் சீட்டு பின்னால் சறுக்கினால் கால் பிரேக்கிற்கு எட்டாது.

மெத்தை அமுங்கியிருந்தால் ஸ்பாஞ்ச் மாற்றலாம். அங்கும் ஒரு கவனம் வேண்டும். சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சிறு துணி முத்திரை இருந்தால், அந்தப் பக்கத்தை மூடும் கவரைப் போடக் கூடாது. பை வெடித்து வெளிவர வழி இருக்காது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. பெரும்பாலும் அது ஏர்பேக்கிற்கோ, பெல்ட்டை இறுக்கும் சிறு வெடிமருந்துக் கருவிக்கோ போகும் கம்பி.

போல்ட்டைக் கழற்றுவது ஏன் கூடாது? பல கார்களில் பெல்ட் மாட்டும் கொக்கி சீட்டோடேயே சேர்ந்திருக்கிறது. சீட்டைக் கழற்றினால் பெல்ட்டின் பிடியையும் கழற்றியதாகிறது. அந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. அதைக் காட்டும் ஸ்பானர் தனி. கை பலத்தால் இறுக்குவது அந்த அளவாகாது. ரெயிலை வெல்டிங் வைப்பதும் அப்படியே. சூடுபட்ட இரும்பு பழைய இரும்பு அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தார் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் இடது முன் சீட்டின் சாய்வு நிற்கவில்லை. பின்னால் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த சீட்டில்தான் நிறைமாத கர்ப்பிணியான மகளை முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாக இருந்தது. கட்டை நழுவினால் சாய்வு படுத்துவிடும். படுத்த சீட்டில் பெல்ட் நெஞ்சைப் பிடிக்காது. உடம்பு அடியில் வழுக்க, வயிற்றை நெரிக்கும். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடுங்கள், முன் சீட்டைக் காலியாக விட்டு, மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள். கேட்டார்கள். அவர்கள் அசட்டையானவர்கள் அல்ல. கம்பெனி ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு நாள் கூலியும் ஒரு பெரிய தொகையும் போகும். அந்தப் பயம்தான் கட்டையை வைக்கச் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. அதே சட்டத்தின் 110ஏ பிரிவு, தயாரிப்பிலேயே கோளாறு என்றால் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. 2022 டிசம்பரில் மாருதி சுசுகி 9,125 கார்களைத் திரும்ப அழைத்தது முன் சீட்டு பெல்ட்டின் தோள் உயரப் பாகத்துக்காகத்தான். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கு இந்தச் செய்தி எப்படி வரும்? கடிதம் பழைய முகவரிக்குப் போகும். ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, தம் வண்டி அழைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலைக்குக் காசு இல்லை.

மத்திய நுகர்வோர் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அதில் மோட்டார் வாகனங்களும் உண்டு. நல்ல காரியம். ஆனால் உரிமை என்பது உதிரி பாகம் கிடைப்பது மட்டுமல்ல, அறிவு கிடைப்பதும்தான். காரோடு தரும் புத்தகம் நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம், தமிழில், முன் சீட்டின் படத்தோடு. இது நீங்கள் செய்யலாம், இதைத் தொடாதீர்கள், இதற்கு இவ்வளவு செலவாகும் என்று மூன்று பத்தி போதும். அந்தப் பக்கம் டாஷ்போர்டில் இருந்தால் எங்கள் ஊரில் யாரும் மரக்கட்டையைத் தேடப் போகமாட்டார்கள்.