கழித்தல் கணக்கும் கேன்சரும்

உங்கள் எல்சிடி மானிட்டருக்குள் இருக்கும் போலரைசர் ஃபிலிம், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். அத்தகைய ஒளியைத் தோலில் பாய்ச்சினால், ஆழத்தில் பலமுறை சிதறித் திரும்பும் ஒளி அந்தத் திசையை இழந்துவிடும். மேலடுக்கிலிருந்து திரும்புவது பெரும்பாலும் இழக்காது. கேமரா முன் ஃபில்டரை 90 டிகிரி திருப்பி இரண்டு படங்கள் எடுத்து, பிக்சல் பிக்சலாகக் கழித்தால் மேலடுக்கு மட்டும் தெளிவாகும். அமெரிக்காவில் ஸ்டீவன் ஜாக்ஸ் குழு 2000-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டது.

பயன்? தோல் கேன்சரின் எல்லை வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குறைவாக வெட்டினால் நோய் தங்கும். அதிகமாக வெட்டினால் முகம் கெடும்.

புரோகிராமர் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கு எளிது, தீர்ப்பு எளிதல்ல. எல்லையைக் காட்டக் கம்ப்யூட்டர் உதவட்டும். கேன்சரா என்பதைப் பயாப்சி பார்த்து டாக்டர் சொல்லட்டும். படத்தைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள்!