பூட்டு விற்பதற்காகக் கதவைக் கழற்றாதே

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கம்ப்யூட்டர் சொற்கள் வரும். இந்த வயதில் எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாமல் போகாது.

என் பழைய மாணவன் ஒருவன் மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியும். நம் வாட்ஸ்அப் குழுவில் அவன் அதைப் பற்றிப் போட்டபோது முதலில் கைதட்டியவள் நான். என் பேரனை அதில் சேர்த்துவிட்டதும் நான்தான். பேரன் மூன்று வாரம் உட்கார்ந்து வீடு, தோட்டம், கோழிக்கூண்டு எல்லாம் கட்டினான். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் எல்லாம் தரைமட்டம். பெட்டியில் சேர்த்து வைத்திருந்ததும் போய்விட்டது. அழுதுகொண்டே என்னிடம் வந்தான். "பாட்டி, 399 ரூபாய் குடு. ரேங்க் வாங்கினா என் வீட்டை யாரும் உடைக்க முடியாது."

அந்த மாணவனுக்கு போன் செய்தேன். "டீச்சர், அது பிளகின் வெச்சு செய்யறது. பணம் கட்டினவங்களுக்கு மட்டும் இடத்துக்குப் பாதுகாப்பு" என்றான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அன்றிலிருந்து இந்த பிளகின் சமாச்சாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்த பிறகு கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மாட் என்பது விளையாட்டையே மாற்றுவது. ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்றவற்றில் ஓடும் மாட்களில் புதுப் பொருள், புது விலங்கு சேர்த்தால் பொதுவாக ஆடுகிற ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் அது இருக்க வேண்டும். பிளகின் சர்வரில் மட்டும் இருந்தால் போதும். ஒரு ஜார் ஃபைலை பிளகின்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு சர்வரை மறுபடி இயக்கினால் வேலை முடிந்தது. பிள்ளைகள் எதையும் புதிதாக இறக்க வேண்டாம். அதனால்தான் பொது சர்வர்களில் பிளகின் இவ்வளவு பரவியது.

இதை யார் உண்டாக்கினார்கள்? 2010 கடைசியில் பக்கிட் என்ற திட்டத்தைத் தொடங்கியவர்கள் விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தின் ஆட்கள் அல்ல. ஆர்வலர்கள். ராத்திரி கண் விழித்து எழுதியதைச் சும்மா கொடுத்தார்கள். அதன் மேல்தான் ஸ்பிகாட், பேப்பர் என்று பின்னால் வந்தவை நிற்கின்றன. இன்று நீ சர்வரில் போட்டிருக்கிற எசென்ஷியல்ஸ்எக்ஸ், லக்பெர்ம்ஸ், க்ரீஃப்ப்ரிவென்ஷன் எல்லாம் அப்படி இலவசமாகக் கிடைத்தவைதானே?

இப்போது என் முதல் கேள்வி. க்ரீஃப்ப்ரிவென்ஷன் எழுதியவர் அதை எப்படி அமைத்துக் கொடுத்தார் தெரியுமா? புதிதாக வருகிற பிள்ளை தன் முதல் பெட்டியைக் கீழே வைத்த உடனே, அதைச் சுற்றிச் சின்னதாக ஓர் இடம் தானாகவே அவன் பெயருக்குப் பாதுகாப்பாகிவிடும். கேட்கவே வேண்டாம். விளையாட விளையாட அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் உரிமையும் கூடிக்கொண்டே போகும். ஒன்றும் தெரியாத பிள்ளைதான் முதலில் காக்கப்பட வேண்டும் என்று முகம் தெரியாத ஒருவர் யோசித்திருக்கிறார். நீ மெனக்கெட்டு அந்த அமைப்பை அணைத்தாய். பிறகு லக்பெர்ம்ஸை வைத்து, பணம் கட்டியவனுக்கு மட்டும் திறந்தாய். நீ புதிதாக எதையும் செய்து விற்கவில்லை தம்பி. எல்லோர் வீட்டுக் கதவையும் கழற்றிவிட்டு, பூட்டுக் கடை போட்டிருக்கிறாய்.

நீ சொன்ன பதில்களுக்கு வருகிறேன்.

"சர்வர் வாடகை யார் கட்டுவது, டீச்சர்?" நியாயமான கேள்வி. செலவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 2014 ஜூனில் மோஜாங் இதற்கு விதி சொன்னது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நுழைவுக் கட்டணம் வாங்கலாம். நன்கொடை வாங்கலாம். தொப்பி, வண்ண உடை என்று அழகுக்கானவற்றை விற்கலாம். ஆட்டத்தின் போக்கை மாற்றுகிற எதையும் காசுக்கு விற்கக் கூடாது. வாடகை கட்ட இத்தனை வழி திறந்திருக்க, கூடாது என்று சொன்ன அந்த ஒரு வழியில்தான் நீ போனாய். அதில் காசு அதிகம் வரும் என்பதுதான் காரணம். வாடகையைச் சாக்கு சொல்லாதே.

"யாரையும் கட்டாயப்படுத்தலையே." பத்து வயதுப் பிள்ளையின் மூன்று வார உழைப்பை உடைக்க வழிவிட்டு, பக்கத்திலேயே விலைப்பட்டியலை மாட்டி வைப்பதற்கு வேறு என்ன பெயர்? பெரியவர்களிடம் இதைச் செய்தால் சண்டைக்கு வருவார்கள். பிள்ளைகள் அழுவார்கள், அப்பாவின் போனை எடுத்துப் பணம் அனுப்புவார்கள். உனக்கும் தெரியும்.

"அந்தக் கம்பெனி மட்டும் யோக்கியமா?" இல்லை. பக்கிட் குழுவின் முக்கியமானவர்களை 2012இல் மோஜாங் வேலைக்கு எடுத்தது. பக்கிட்டே தங்களுக்குச் சொந்தம் என்று 2014 ஆகஸ்டில்தான் வெளியே சொன்னது. அதுவரை சம்பளமில்லாமல் எழுதியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அடுத்த மாதமே முக்கியப் பங்களிப்பாளர் ஒருவர், தன் உழைப்பு உரிமத்துக்கு மாறாகக் கையாளப்படுகிறது என்று காப்புரிமை நோட்டீஸ் கொடுத்தார். கிராஃப்ட்பக்கிட் இறங்குதளத்திலிருந்து போனது. அதே செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு மோஜாங்கை வாங்குவதாக அறிவித்தது. 2017இல் அவர்களே மார்க்கெட்ப்ளேஸ் என்று கடையும் திறந்தார்கள். ஆக, சும்மா கொடுத்தவர்களை மேலே இருப்பவர்களும் மதிக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக நீயும் மதிக்க வேண்டாம் என்று ஆகுமா? அவர்கள் செய்தது தப்பு என்றால் நீ செய்வதும் அதே தப்புதான்.

இன்னொன்றும் சொன்னாய். காசுக்கு விற்கிற பிளகின்களை ஏதோ தளத்தில் "லீக்" ஆனதாக எடுத்துப் போட்டிருக்கிறேன் என்றாய். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிளகின் என்பது உன் சர்வருக்குள் உன் சர்வருக்கு உள்ள அதே அதிகாரத்தோடு ஓடுகிற நிரல். அது எதைப் படிக்கும், எங்கே அனுப்பும் என்று யார் பார்த்தது? 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல், கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளம் போன்ற பேர்பெற்ற இடங்களிலேயே மாட், பிளகின்களுக்குள் புகுந்துவிட்டது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடியது. இருக்கிற மற்ற ஜார் ஃபைல்களிலும் போய் ஒட்டிக்கொண்டது. நல்ல இடத்திலேயே இப்படி என்றால், திருட்டுச் சரக்கு விற்கிற இடத்தில் என்ன கலந்திருக்கும்? உன் சர்வரில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு "அதுக்குத்தான் கேமே வேண்டாம்னு சொன்னேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு இரண்டு இளைஞர்கள் செய்த மாட்தான். அடுத்தவன் செய்ததைத் திறந்து பார்த்து, கூட்டி, மாற்றி, இன்னொருவனுக்குக் கொடுப்பது நல்ல படிப்பு. என் பேரனுக்கு அந்தப் படிப்பு வேண்டும். 399 ரூபாய் கொடுத்தால்தான் வீடு நிற்கும் என்கிற படிப்பு வேண்டாம். பிள்ளை என்ன வாங்கக் கேட்கிறான், ஏன் கேட்கிறான் என்று உட்கார்ந்து கேளுங்கள். போனைப் பிடுங்குவது அதைவிடச் சுலபம். ஆனால் அதில் ஒன்றும் தெரியவராது.

கடைசியாக, தம்பி உனக்கு. மூன்று வேலை சொல்கிறேன். பாதுகாப்பை எல்லோருக்கும் திறந்துவிடு. அந்த அமைப்பை மறுபடி போட ஐந்து நிமிடம் ஆகாது. லீக் ஆன பிளகின்களை எடுத்துவிட்டு, உரியவரிடமிருந்து வாங்கு, இல்லாவிட்டால் இலவசமானதைப் போடு. வாடகைக்கு நன்கொடைப் பெட்டி வை, தொப்பி விற்றுக்கொள். முதல் நன்கொடை என்னுடையது.

இன்னும் ஒன்று. யார் எதை உடைத்தார்கள் என்று பதிந்து வைத்து, உடைத்ததைத் திரும்பக் கட்டித் தரும் கோர்ப்ரொடெக்ட் பிளகினும் உன் சர்வரில் இருக்கிறதாம். பேரன்தான் சொன்னான். ஒரு கட்டளை அடித்தால் அவன் வீடு திரும்ப வந்துவிடுமாம். ஆனால் அவன் வீட்டை மட்டும் கட்டித் தராதே, டீச்சர் பேரன் என்பதற்காக. உடைந்த எல்லாப் பிள்ளைகள் வீட்டையும் கட்டிக் கொடு.

பதில் இருந்தால் கீழே எழுது. திட்டியும் எழுதலாம். படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.