பம்பர் மட்டும் வந்தது

வண்டி இழுப்பது என்றாலே பெங்களூர்க்காரர்களுக்குக் கசப்பு. நோ பார்க்கிங் வாகனங்களைத் தூக்குவது பற்றிப் புகார்கள் குவிந்ததால் 2022 பிப்ரவரியில் கர்நாடக அரசு அதை நிறுத்திவைத்தது. சொந்தக்காரரே லாரியை வரவழைத்தால் யாரிடம் புகார் செய்வது?

விவேக் நகரின் குறுகிய தெருவில் வருஷக்கணக்கில் நிற்கும் அம்பாசடரை ஏற்றுபவர்கள் செய்யும் முதல் தவறு, பம்பரில் கயிறு கட்டுவது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரைத் துருப்பிடித்த போல்ட்டுகள் தாங்காது. சரிவுப் பலகையில் பாதி ஏறியதும் பம்பர் லாரியோடு போகும். கார், பின்னால் நின்று தள்ளுபவர் மீது வரும். கயிற்றை முன் அச்சில் கட்டி, ஏற ஏறச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. வியாழக்கிழமையும் வேண்டாம்: குழந்தை இயேசு ஆலயக் கூட்டத்தில் லாரி நுழைவதே கஷ்டம்.

அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டாலும் பம்பர் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். கால் கிடைக்காது.