சாட்சிக்கு ஏன் இந்தத் தண்டனை?

"கோர்ட்டில் இருந்து சம்மன் வந்திருக்கிறது" என்று சொன்னால் போதும், வீடே கலங்கிவிடும். "நமக்கு எதற்கு இந்த வம்பு? பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வீட்டில் உள்ளவர்கள் கடிந்துகொள்வார்கள்.

சம்மன் யாருக்கு? திருடனுக்கு அல்ல. திருடனைப் பார்த்தவருக்கு!

கிரிமினல் வழக்குகளில் பெரும்பாலானவை சாட்சிகளை நம்பியே நிற்கின்றன. போலீசார் எவ்வளவு திறமையாகத் துப்புத் துலக்கினாலும், வக்கீல் எவ்வளவு அழகாக வாதாடினாலும், பார்த்தவர் வந்து கூண்டில் ஏறிச் சொன்னால்தான் வழக்கு நகரும். அவர் வராவிட்டால் வாய்தா. மீண்டும் வராவிட்டால், மீண்டும் வாய்தா.

இப்படியே ஆண்டுகள் ஓடுகின்றன. சாட்சி ஊர் மாறிப் போகிறார். பார்த்ததை மறந்து போகிறார். சில சமயம் இறந்தும் போகிறார். குற்றம் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான். குற்றம் செய்யாதவன் ஜெயிலில் கிடந்தால், அவனுடைய விடுதலையும் தள்ளிப்போகிறது.

சாட்சி ஏன் வருவதில்லை? அவரை அழைக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

கதவில் ஒட்டிய காகிதம்

1973-ம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டப்படி, சம்மன் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டது. போலீஸ்காரர் அதை எடுத்துக்கொண்டு சாட்சியைத் தேடிப் போவார். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றின் பின்புறம் கையெழுத்து வாங்குவார். ஆள் கிடைக்காவிட்டால், குடும்பத்தில் உள்ள வயது வந்த ஆணிடம் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். சாட்சிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி கொடுத்த விலாசம், சம்பவம் நடந்த போது கொடுத்தது. விசாரணையோ பல ஆண்டுகள் கழித்து வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும், பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போகிறவரும் அதற்குள் எங்கே போனார்களோ? கையில் சம்மன் வைத்திருக்கும் போலீஸ்காரருக்கோ பந்தோபஸ்து, ரோந்து என்று வேறு வேலைகள். "ஆள் இல்லை" என்ற குறிப்போடு சம்மன் திரும்பி வந்துவிடும்.

செல்போனுக்கு வரும் சம்மன்

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலில் இருக்கிறது. சம்மன் விஷயத்தில் அது சில நல்ல மாறுதல்களைச் செய்திருக்கிறது.

கோர்ட்டு முத்திரையின் படத்துடன், மின்னணு முறையில் சம்மன் அனுப்பலாம். விலாசம், டெலிபோன் நம்பர், ஈ-மெயில் ஆகியவற்றைக் குறித்து வைக்க, போலீஸ் நிலையத்திலோ கோர்ட்டிலோ ஒரு பதிவேடு வேண்டும். வீட்டில் ஆண்பிள்ளை இல்லையே என்று போலீஸ்காரர் திரும்ப வேண்டியதில்லை. வயது வந்த பெண்ணிடமும் சம்மனைக் கொடுக்கலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்காரர்கள், போலிக் கோர்ட்டு உத்தரவுகளையும் செல்போனில் அனுப்புகிறார்கள். ஆகவே சம்மனில் வழக்கு நம்பர் தெளிவாக இருக்க வேண்டும். அது உண்மையா என்று கோர்ட்டின் இணையதளத்திலோ, பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ விசாரித்துக்கொள்ள வழி சொல்ல வேண்டும்.

வராதவருக்கு அபராதம், வந்தவருக்கு?

சம்மன் கிடைத்தும் தகுந்த காரணம் இல்லாமல் வராத சாட்சிக்குப் பழைய சட்டத்தில் 100 ரூபாய் வரை அபராதம். புதிய சட்டத்தில் 500 ரூபாய் வரை. வாரண்டு போட்டும் பிடித்து வரலாம்.

சரி, சொன்ன தேதியில் சொன்ன நேரத்துக்கு வந்தவரின் கதி என்ன?

அன்றையக் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வருகிறார். உட்கார இடம் இல்லை. மாலை வரை காத்து நின்ற பிறகு, "வக்கீல் வரவில்லை, வாய்தா" என்கிறார்கள். வராண்டாவில் எதிரில் நிற்பவன் யார்? அவர் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தாரோ, அவனேதான்!

இது புதிய குறை அல்ல. 1958-ல் சட்டக் கமிஷன் தனது 14-வது அறிக்கையிலேயே சாட்சிகளின் அவதியைப் பற்றிப் பேசியது. 2000-ம் ஆண்டில் சுவரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கண்டித்தது. சாட்சி அலுத்துப்போய்க் கைவிடும் வரை வழக்கை ஒத்திப்போடுவதே ஒரு தந்திரமாகிவிட்டது என்று நீதிபதிகள் வருந்தினார்கள்.

சட்டம் இருக்கிறது

சாட்சி வந்து நின்றால், எழுத்தில் காரணம் காட்டாமல் அவரை விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வக்கீல் தயாராக இல்லை என்றாலும், வந்தவரின் சாட்சியத்தைக் கோர்ட்டு பதிவு செய்துகொள்ளலாம். நியாயமான செலவுக்குச் சர்க்கார் பணத்தில் இருந்து படி கொடுக்க உத்தரவிடலாம். மிரட்டலுக்கு ஆளாகும் சாட்சிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. ஒவ்வொரு மாநிலமும் அத்தகைய திட்டம் வகுக்க வேண்டும் என்று புதிய சட்டமும் கூறுகிறது.

மீதி இருப்பது நடைமுறைதான். அது பெரிய செலவும் அல்ல. ஒரு நாளில் எத்தனை பேரை விசாரிக்க முடியுமோ, அத்தனை பேரை மட்டும் அழைக்கலாம். காலையா, பிற்பகலா என்று நேரம் குறிப்பிடலாம். முதல் நாளே செல்போனில் நினைவூட்டலாம். வழக்கு நடக்காது என்றால் "வர வேண்டாம்" என்று ஒரு வரி அனுப்பினால், ஒருவரின் ஒரு நாள் பிழைப்பு மிஞ்சும். படியை அன்றே கொடுத்து அனுப்பலாம். எதிரியின் கண்ணில் படாமல் உட்கார ஓர் அறையும், குடிக்கத் தண்ணீரும் தரலாம்.

செல்போன் சம்மன் ஆளைக் கண்டுபிடிக்கும். ஆனால் ஒருமுறை வந்து அவதிப்பட்டவர், அடுத்த முறை கொலையைக் கண்ணால் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். அவர் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் மூடிக்கொள்வார். அப்படி ஊரே கண்ணை மூடிக்கொண்டால், சம்மன் அனுப்ப ஆள் ஏது?